சொன்ன வாய்க்கே சொந்தம்

நாடகம் என்ற கலை தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஒத்திகையிலும் சரி மேடையிலும் சரி, ஒரு வரியைக்கூட மறக்காத நடிகன் உலகத்தில் ஒருவன்தான். அவன் நான். இதில் தற்பெருமை கொஞ்சமும் இல்லை. என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொல்கிறேன்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் எங்கள் நாடகத்துக்கு ஒரு துண்டுத்தாள் அச்சடித்தோம். அதற்கு முன்னுரையாக மேற்கண்ட உண்மையை ஒரு பக்கத்துக்கு விரித்து எழுதிக் கொடுத்தேன். எங்கள் இயக்குநர் படித்துப் பார்த்துவிட்டு, "நாடகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேடா இதுல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வரலாறு ஒருநாள் கேட்கும் அல்லவா.

இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் செங்கல்கூடத் தானாகப் போய் வரிசையில் உட்காரும். விளக்குகளைப் பார்த்துக்கொண்டவன் ஃபியூஸ். அவன் கை பட்ட எதுவும் ஒருமுறை அணைந்துவிட்டுத்தான் எரியும். எனக்குக் கல்வெட்டு என்று பெயர். பொறித்தது அழியாது என்ற பொருளில் நானே எனக்கு வைத்துக்கொண்டது. வேறு யாரும் வைக்க முன்வரவில்லை.

நான்காவது ஆள் முக்காலி. நடிகர்கள் வரியை மறந்தால் மறைவிலிருந்து மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. முதலாம் ஆண்டிலிருந்து அதே வேலை, அதே மூன்று கால் இருக்கை. அதில் ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். அதனால் தினமும் உட்காருவதற்கு முன் ஒரு தாளை நான்காக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைப்பான், உட்கார்ந்து பார்ப்பான், எழுந்து எட்டாக மடிப்பான், மறுபடி உட்கார்ந்து பார்ப்பான்.

"என்னடா, ராக்கெட் விடப் போறியா?" என்பேன்.

"சாஞ்சு உக்காந்தா வரி தாவிப் போயிடும்" என்பான் முக்காலி.

எடுத்துக் கொடுப்பதைப் பற்றி எனக்கு அப்போது தெளிவான கருத்து ஒன்று இருந்தது. ஞாபகசக்தி இல்லாதவர்களுக்குத் திறமை இல்லாதவன் செய்யும் சேவை அது. இந்தக் கருத்தை நான் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது முக்காலியிடமே சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே பென்சில் சீவுவான்.

அவனுக்கு ஓர் அக்கா. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு வருடமும் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நாடகம் பார்க்க வந்து, மூன்றாவது வரிசையில் உட்காருவார். முடிந்ததும் தம்பியைப் பிடித்து, "நீ எங்கடா இருந்த?" என்று கேட்பார்.

"நீ என்ன சொல்லுவ?" என்று ஃபியூஸ் ஒருமுறை கேட்டான்.

"எல்லார் வாயிலயும் இருந்தேன்னு சொல்லுவேன்."

"அதுக்கு அக்கா?"

"இதுக்குப் போய் அரைநாள் லீவு போட்டேனேடாங்கும்."

எங்களுக்கு ஒத்திகை பார்க்கக் கிடைத்த இடம் பழைய தட்டச்சு அறை. இயந்திரங்களை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். மேசைகளை எடுக்க முடியவில்லை. தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு. சன்னலைத் திறந்து வைத்தாலும் மை ரிப்பனும் எண்ணெயும் கலந்த வாடை போகாது. சுவரில் விரல்களின் பெரிய படம் ஒன்று, எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று. நான்கு மணிக்கு உள்ளே போனால் ஆறு மணிக்குக் காவலாளி அண்ணன் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டும்வரை அங்கேதான். அந்த அறைக்காக நான் ஏங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்வதோடு சரி.

முதலில் நாடகத்தை நான்தான் எழுதினேன். எதிர்காலத்தில் ஒரு கொடூர நகரம், கொடூரமான ஆட்சி, அறுபத்திரண்டு பக்கம். மேஸ்திரி ஒரு மேசைமேல் ஏறி உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். எனக்குத் தேநீர் ஆறிப்போனது.

"டேய், இதுல அரசன் பேசுறதும் நீ மாதிரியே இருக்கு, கைதி பேசுறதும் நீ மாதிரியே இருக்கு. அந்தக் கிழவிகூட நீதான்."

"ஒரு எழுத்தாளனோட தனிக்குரல்னு ஒண்ணு இருக்கு, மேஸ்திரி."

"ஒரு ஊர் முழுக்க நீ. இதைவிடப் பயங்கரமான உலகம் வேற வேணுமா?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கி யாருடா உள்ள வருவா?"

ஃபியூஸ் மேசையிலிருந்து விழுந்து சிரித்தான். முக்காலி சிரிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் சேர்த்து அடுக்கி, ஓரம் தட்டி, என்னிடம் கொடுத்தான்.

பிறகு நான்கு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கலாம் என்று முடிவானது. கரு, நூலகத்திலிருந்து வந்தது. அங்கே கருத்துக் கேட்கும் படிவம் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் இரண்டே கட்டங்கள்: 'நன்று', 'மிக நன்று'. ஃபியூஸ் அதை எடுத்து வந்து காட்டி, "ஊரே இப்படி ஆயிட்டா என்னடா பண்றது?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியிலிருந்து எங்கள் நகரம் எழும்பியது. அங்கே தினமும் காலையில் வீட்டுக்கு வீடு ஒரு தாள் வரும். அன்றைக்குப் பேச அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் அதில் இருக்கும். அவற்றைத் தவிர வேறு பேசினால் குற்றம். முதல் காட்சியில் தாளுக்கு நாற்பது வாக்கியங்கள். அடுத்ததில் இருபது. அதற்கடுத்ததில் ஐந்து. கடைசிக் காட்சியில் வெறும் தாள் வருகிறது.

இன்று நான் ஒரு தொலைபேசி சேவை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய வாக்கியங்களை அட்டையில் அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் முப்பத்தாறு. எங்கள் நகரத்தில் நாற்பது கொடுத்தோம் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

வேலை செய்வதற்கு மேஸ்திரி ஒரு விதி போட்டாள். யாரும் வீட்டிலிருந்து வசனம் எழுதிக்கொண்டு வரக்கூடாது. அறையில் நின்று, நடித்துப் பார்க்கும்போது வாயில் வருவதுதான் வசனம். முதலில் யார் வாயிலிருந்து வந்ததோ, மேடையிலும் அவர்தான் அதைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. "சொன்ன வாய்க்கே சொந்தம்" என்றாள். அந்த அறுபத்திரண்டு பக்கத்துக்குப் பிறகு என்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

முக்காலி எல்லாவற்றையும் நீளமான நோட்டில் பென்சிலால் எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சொந்தக்காரரின் அடையாளம். மேஸ்திரிக்கு ஒரு செங்கல், ஃபியூஸுக்கு ஒரு மின்னல், எனக்கு நான் கேட்டு வாங்கிய நட்சத்திரம். ஊர்மக்களாக வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக்கூடப் புள்ளி, கோடு என்று கொடுத்திருந்தான். அவனுக்கு மட்டும் எதுவும் இல்லை.

"உனக்கு?" என்று கேட்டாள் மேஸ்திரி.

"நான் எங்க பேசுறேன்?" என்றான் முக்காலி.

கடைசிக் காட்சியை உண்டாக்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்தது. சன்னல் ஓரத்து மேசைகளில் சாரல் அடித்தது. மேஸ்திரி தாள்காரியாக வருகிறாள். கடைசி வீட்டுக்காரனாக நான். அவள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். இத்தனை வருடம் தாளில் இருந்ததை மட்டுமே பேசிய மனிதன், அவள் மறைவதற்குள் சொந்தமாக ஒன்று சொல்லவேண்டும். என்ன சொல்வான்?

"வாயில வர்றதச் சொல்லு" என்று மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

என் வாயில் ஒன்றும் வரவில்லை. விடுதலை, உண்மை, மானுடம் என்று மூன்று பெரிய சொற்கள் தொண்டைவரை வந்து, ஒன்றையொன்று பார்த்து வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டன. மேஸ்திரி இரண்டாவது வரிசை மேசையைச் சுற்றிவிட்டாள். மூன்றாவதையும் சுற்றிவிட்டாள். அப்போது முக்காலி உட்காரும் மூலையில், இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து, சாரல் சத்தத்தைவிடக் கொஞ்சமே பெரிய குரல் ஒன்று வந்தது.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்."

பார்த்துப் படிக்க அவனிடம் அன்று எதுவும் இல்லை. எழுதப்படாத காட்சி அது. யாராவது தடுமாறினால் எடுத்துக் கொடுத்தே பழகியவன், பழக்கதோஷத்தில் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நான் அதை வாங்கி, என் முழங்கும் குரலில் சொன்னேன். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்."

மேஸ்திரி அப்படியே நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. அவள் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். ஃபியூஸ் விளக்கைப் போட மறந்து, பிறகு அவசரமாகப் போட்டதில் அறையின் ஃபியூஸே போய்விட்டது.

"டேய் கல்வெட்டு," என்றாள் இருட்டில், "எங்கேருந்துடா வந்துச்சு இது?"

"தானா வந்துச்சு" என்றேன்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு என் வாழ்க்கை நன்றாக இருந்தது. விடுதியில், உணவகத்தில், நூலகத்தில் எல்லாம் அந்த வரியைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எதையும் மறக்காதவனுக்குப் பொய் சொல்வது சுலபம், சொன்ன பொய்யை மறப்பது கஷ்டம்.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு, யாருக்கு எத்தனை வரி என்று மேஸ்திரி கணக்குக் கேட்டாள். முக்காலி எண்ணிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் செங்கல், மின்னல், நட்சத்திரம். கடைசிப் பக்கத்தில் கடைசி வரி. அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

"இது விட்டுப்போச்சே" என்றேன்.

"விட்டுப்போகல."

"அப்புறம்?"

"நீயே போட்டுக்க" என்று பென்சிலை நீட்டினான். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன்.

"கை ஈரமா இருக்கு" என்றேன்.

கல்லூரி அரங்க மேடைக்கு மாறியபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே மேசைகள் கிடையாது, வெறும் பலகைத் தரை. ஆனால் நான்கு மாதமாக இருபத்து நான்கு மேசைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தே நாடகத்தை உண்டாக்கியிருந்தோம். உடம்பு கேட்கவில்லை. நேராகப் போக வேண்டிய இடத்தில் எல்லோரும் வளைந்து வளைந்து போனோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், இல்லாத மேசைக்கு ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கினோம். மேஸ்திரி அரைமணி நேரம் திட்டிப் பார்த்தாள். பிறகு, "இருக்கட்டும் விடு. இந்த ஊர்ல அப்படித்தான் நடப்பாங்க" என்றாள். மறுநாள் பார்க்க வந்த பேராசிரியர், கண்ணுக்குத் தெரியாத சுவர்களை அற்புதமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். வெகுநாள் யோசித்துச் செய்தது ஐயா, என்றேன் நான்.

நாடகம் இரண்டு நாள், மாலை ஐந்தரைக்கு. முதல் நாள் ஐந்து மணிக்கு நான் அரங்கத்தின் பக்கவாசலில் முகப்பூச்சோடு நின்றுகொண்டிருந்தேன். முக்காலியின் அக்கா வந்தார். கையில் தபால் அலுவலகப் பையோடு, வேகமாக நடந்து வந்த மூச்சோடு.

"தம்பி, நீங்கதானே கல்வெட்டு? உங்களப் பத்தித்தான் வீட்ல எப்பவும் பேச்சு."

"நல்லவிதமா இருக்கும்னு நெனக்கிறேன் அக்கா."

"ஒரு சொல்லு மறக்காதாம் உங்களுக்கு. பெருமையா சொல்லுவான்." குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். இந்த வருஷம் நாடகத்துல தன்னோட வரி ஒண்ணு இருக்குன்னு சொன்னான். எதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். அது எப்ப வரும் தம்பி? நான் பாட்டுக்கு மூக்குக் கண்ணாடியத் தொடச்சிட்டு இருந்து கோட்ட விட்டுடக்கூடாதுல்ல."

நான் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"கடைசியில வரும் அக்கா," என்றேன். "கடைசி வரி."

"அவனே சொல்லுவானா?"

"போய் உக்காருங்க அக்கா. இடம் போயிடும்."

மேடைக்குப் பின்னால் மேஸ்திரி தாள்காரியின் தொப்பியை ஊசி குத்திப் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"மேஸ்திரி, கடைசிக் காட்சி எனக்கு மறந்துபோச்சு."

அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "என்னது?"

"மறந்துபோச்சு."

"அந்தக் காட்சியில உனக்கு இருக்கறதே ஒரு வரி."

"அதுதான் மறந்துபோச்சு."

"நாலு வார்த்தைடா!"

"நாலும்."

ஏணிமேல் நின்ற ஃபியூஸ் கீழே குனிந்தான். "கல்வெட்டுல பாசி புடிச்சிருச்சுடோய்!" முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். உலக நாடக வரலாற்றில் எனக்கு இருந்த இடம் அவர்கள் கண்ணெதிரில் காலியானது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காலி பக்கம் கையை நீட்டினாள். அவன் நோட்டைக் கொடுத்தான். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அடையாளம் இல்லாத வரியைப் பார்த்தாள்.

"இத மொதல்ல யாரு சொன்னது?" என்று முக்காலியைக் கேட்டாள்.

முக்காலி தரையைப் பார்த்தான்.

நான் அவன் காதிலிருந்த பென்சிலை உருவினேன். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குக் கீழே மூன்று கோடு இழுத்தேன். ஒரு கோட்டைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டேன். சித்திரம் வரைவதில் எனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை; ஆனாலும் பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

"டேய், வேணாண்டா" என்றான் முக்காலி. "எனக்குச் சத்தமாப் பேச வராது."

"விதி விதிதான்" என்றாள் மேஸ்திரி. என் மேல்கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டபோது, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அது பாராட்டா அடியா என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப யாரு எடுத்துக் கொடுப்பா?" என்று கேட்டான் ஃபியூஸ்.

நான் மேஸ்திரியின் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டேன்.

கடைசிக் காட்சி தொடங்கியபோது நான் பக்கத்திரைக்குப் பின்னால் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் சாய்ந்தது. அங்கிருந்து பார்த்தால் யாருடைய முகமும் தெரியாது. காதுகளும் பிடரியும்தான் தெரியும். மூன்று வருடமாக என் பிடரியை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அது பயப்படும்போது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மேஸ்திரி வெறும் தாளைக் கொடுத்தாள். திரும்பினாள். இல்லாத முதல் மேசையைச் சுற்றினாள். முக்காலி கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். கை விரல்கள்கூட வெளியே தெரியவில்லை. இரண்டாவது மேசை. அவன் பேசவில்லை. அவள் நடையைத் தளர்த்தினாள். மூன்றாவது மேசையைச் சுற்றிவிட்டால் திரைக்கு உள்ளே வந்துவிடுவாள், நாடகம் ஊமையாக முடிந்துவிடும். மூன்றாவது வரிசையில் ஒரு மூக்குக் கண்ணாடி அசையாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் விரல் நோட்டில் அந்த வரியின்மேல் இருந்தது. பார்க்கத் தேவையில்லைதான். இருந்தாலும் வைத்திருந்தேன்.

"கொஞ்ச நேரம்..." என்றேன், திரைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

முக்காலி தலையை லேசாக ஆட்டினான், தெரியும் என்பது போல. பிறகு சொன்னான். முழங்கவில்லை. வாசல்படியில் நின்று, போகிறவளைப் பார்த்து ஒரு மனிதன் எப்படிச் சொல்வானோ அப்படி. இத்தனை நாளாக நான் அதைத் தப்பாகச் சொல்லி வந்தது அரங்கத்துக்கே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கைதட்டல் வர நேரமானது. வந்த பிறகு நிற்கவும் நேரமானது.

வெளியே அக்கா தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும்தான் கேட்டார்.

"நீங்க எங்க தம்பி இருந்தீங்க, கடைசியில? கண்ணுலயே படலையே."

"பின்னாடி இருந்தேன் அக்கா" என்றேன்.

மறுநாள் அந்தக் காட்சியைத் திரும்ப எனக்குத் தரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மணிக்கே போய்விட்டேன். மேடையில் யாரும் இல்லை. பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். சாய்ந்தது. சட்டைப்பையிலிருந்து முன்னுரைத் தாளை எடுத்து, நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தேன். உட்கார்ந்து பார்த்தேன். போதவில்லை. எழுந்து எட்டாக மடித்து வைத்தேன். இப்போது சரியாக இருந்தது. பென்சில் சீவ ஆரம்பித்தேன்.